பிராண்டன் என் பேச்சைக் கேட்பதில்லை

கிளாங்,
2.3.2025

யுகேந்திரனுக்கு,

கிளாங்கிலிருந்து கமலநாதன் எழுதுகிறேன். தனேஷின் அப்பா. உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமல் ஒரு மூலையில் போட்டிருப்பாய். எப்படியோ பிரித்துவிட்டாய் என்றால் முழுவதும் படித்துவிடு. சண்டை போட எழுதவில்லை. இங்கே நானும் புஷ்பவல்லியும் சுகம். அவளுக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை. இந்த வயதில் சுகம் என்றால் இவ்வளவுதான்.

உன் பெர்த் முகவரியைப் பந்திங்கில் இருக்கும் உன் அம்மாவிடம் கேட்டு வாங்கினோம். நான் கேட்கவில்லை, புஷ்பவல்லிதான் போன் செய்தாள். உன் அம்மா முகவரியை ஒவ்வொரு வரியாகச் சொல்லி, சரியாக எழுதியிருக்கிறதா என்று திருப்பிச் சொல்லச் சொன்னாராம். நீ அங்கே சுரங்கத்துப் பெரிய லோரிகளைப் பழுது பார்க்கிறாய் என்றும் அவர்தான் சொன்னார்.

நாம் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 2016-இல், தனேஷைக் கிடத்தியிருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில். உன் மோட்டார் சைக்கிளில் உன் பின்னால் உட்கார்ந்து போனவன் பிணமாக வந்திருந்தான். நீ ஒரு கையில் கட்டோடு வந்து, மற்றக் கையால் வாய்க்கரிசி போடக் குனிந்தாய். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் அரிசி தரையில் சிதறியது. அதற்கு இந்தக் கடிதத்தில் வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை. வருத்தப்பட்டேன் என்றால் அது பொய்யாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன், ஓய்வு பெற்றதும் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். சாட்சி சொன்னதை அப்படியே மலாயில் சொல்ல வேண்டும், ஒரு சொல் கூடக் கூடாது, குறையக் கூடாது என்றே காலம் போய்விட்டது. இப்போது கூட்டவும் குறைக்கவும் செய்யலாம் என்பதில் ஒரு ருசி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிறு இதழ் நடத்தும் ராதாகிருஷ்ணன் என்னிடம் இருபது வாரத் தொடர்கதை கேட்டார். கண்டிப்பான ஆள். இருபது வாரத்திலும் என்னென்ன நடக்கும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். கொடுத்துவிட்டேன்.

கதையில் இரண்டு நண்பர்கள். ஒருவன் வாசு. மற்றவன் பிராண்டன். பிராண்டன் கூப்பிட்டான் என்று வாசு படிப்பை விட்டு, வீட்டை விட்டு, அவன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகிறான். வழியில் சாகிறான். யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்பது வருடமாக நான் எதை நினைத்துக்கொண்டு தூங்கி எழுகிறேனோ அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதனால் கேட்கிறேன். மழையில், இரண்டு பேர், ஒரு பெரிய துணிப்பை, கிளாங்கிலிருந்து மோரிப் கடற்கரை வரை எவ்வளவு நேரம் ஆகும்? பின்னால் உட்கார்ந்திருப்பவன் பேசினால் ஹெல்மெட் போட்டு ஓட்டுபவனுக்குக் கேட்குமா? இதைப் போய் அந்தப் பிள்ளையிடமே கேட்பது அநியாயம் என்கிறாள் புஷ்பவல்லி. அநியாயமாகவே இருக்கட்டும். வேறு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இஷ்டம் இருந்தால் பதில் போடு.

இப்படிக்கு,
கமலநாதன்


கிளாங்,
20.4.2025

தம்பி யுகேந்திரனுக்கு,

உன் பதில் வந்தது. நீ எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், ஐந்தே வரி. வெயிலில் ஒரு மணி நேரம், மழையில் ஒன்றரை. பையை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவன் பேசுவது வேகமாகப் போனால் கேட்காது, மெதுவாகப் போனால் கேட்கும். பிறகு, நான் கேட்காமலேயே ஒன்று எழுதியிருக்கிறாய்: “நாங்கள் எப்போதும் மெதுவாகத்தான் போவோம், அங்கிள்.”

அந்த வரியைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் நியாயம் பேசுகிறாயா என்று நினைத்தேன். கடிதத்தை அகராதிக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்துப் படித்தேன். இப்போது கிழிந்துவிடும் போல இருக்கிறது.

உனக்கு இரண்டாவது கடிதம் எழுதுவதற்குக் காரணம் பிராண்டன். அவன் என் பேச்சைக் கேட்பதில்லை.

இலக்கியக் கூட்டங்களில் எழுத்தாளர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பாத்திரங்கள் தங்கள் இஷ்டத்துக்குப் போகும், நாம் பின்னால் ஓட வேண்டியதுதான் என்பார்கள். சுத்தப் பம்மாத்து என்று நினைப்பேன். பேனா என் கையில், தாள் என் மேசையில், அவன் எங்கே போய்விடுவான்? உன்னை யாரும் அடையாளம் காணக் கூடாது என்று அவனுக்கு வேறு பெயர் வைத்தேன், மாதா கோவிலுக்கு அனுப்பினேன், தலைமுடியைச் சுருட்டையாக்கினேன், பத்து சென்டிமீட்டர் உயரம் கூட்டினேன். மூன்றாவது வாரத்திலேயே உன்னைப் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டான். போகட்டும் என்று விட்டேன்.

பதினோராவது வாரம் வந்தது. நான் கொடுத்த சுருக்கத்தின்படி அவர்கள் பந்திங்கைத் தாண்டி மோரிப் போக வேண்டும். கடற்கரையில் பிராண்டன் வாசுவின் மனத்தைக் கெடுக்க வேண்டும். அப்பா ஒரு பழைய ஆள், படிப்பு ஒரு சுமை என்றெல்லாம் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம் விபத்து. காலையில் கோப்பிக்குப் பிறகு எழுத உட்கார்ந்தேன். பந்திங் பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் ஊற்ற நிறுத்தினான். ஊற்றி முடித்து மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டான். கிளாங் பக்கம்.

கை தவறி எழுதிவிட்டேன் என்று தாளைக் கிழித்தேன். மறுநாள் பெட்ரோல் நிலையத்தையே எடுத்துவிட்டேன். சாலை விளக்கில் நின்று திருப்பினான். மூன்றாவது நாள் கிளாங் சாலையில் மரம் விழுந்துவிட்டது என்று எழுதினேன். மரத்தைச் சுற்றிக்கொண்டு செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் போனான். நான்காவது நாள் டயரைப் பஞ்சர் ஆக்கினேன். தள்ளிக்கொண்டே நடந்தான், அதுவும் கிளாங் பக்கம். பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் போய் ராதாகிருஷ்ணனிடம் சொன்னேன். அவர் சுருக்கத்தை எடுத்துப் பார்த்து, “அண்ணே, எழுதிக் குடுத்தது ஒன்னு, வர்றது ஒன்னா இருக்கே லா. இவன் கெட்டவன்தானே? ஏன் திருப்புறான்?” என்று கேட்டார். அதைத்தான் நானும் அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து, சரி, ஏன் திருப்புகிறான் என்று அவனையே சொல்ல விடுவோம் என்று உட்கார்ந்தேன். அவன் சொன்னது இது. நான் யோசித்து எழுதியதல்ல, கையில் வந்தது: “உங்கப்பா என்னடா, கத்துவாரு. கத்திட்டுப் போகட்டும். எனக்கெல்லாம் கத்துறதுக்கு ஆள் இல்ல. இருந்திருந்தா முன்னால போய் நிப்பேன்.”

ஐந்தாம் வகுப்பில் நீ உன் அப்பாவை இழந்தது எனக்குத் தெரியும். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் உன்னைக் குற்றவாளியாக்க எழுதுகிறேன், உனக்காக வாதாட எழுதவில்லை.

நீதிமன்றத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பொய் சொல்ல வந்தவன் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வான். உண்மை சொல்கிறவன் கேட்காததையும் சொல்லி வைப்பான், அவனுடைய வக்கீலே தலையில் அடித்துக்கொள்ளும்படி. பிராண்டன் நான் கேட்காததைச் சொல்லிவிட்டான். நீயும்தான்.

எழுதிய அத்தியாயங்களைப் புஷ்பவல்லிக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். வாசு வீட்டை விட்டுப் போகும் பகுதியை வாசித்தேன். அதில் அப்பா, கண் கலங்கி, “சரிப்பா, யோசிச்சு நட” என்று சொல்லி அனுப்புவார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “யாருங்க இந்த அப்பா? நம்ம வீட்டுப் பக்கம் வந்ததே இல்லையே” என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பதினோராவது வாரத்தை இன்னும் அனுப்பவில்லை. உனக்குத் தெரிந்த எதையாவது எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது. கட்டாயமில்லை. அங்கே இப்போது குளிர் தொடங்கும் என்றார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
கமலநாதன் அங்கிள்


கிளாங்,
8.6.2025

அன்புள்ள யுகாவுக்கு,

இந்த முறை உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வராதது நல்லதுதான். நீ சொல்லி நான் தெரிந்துகொண்டிருந்தால், அதையும் உன் சமாதானம் என்று தள்ளியிருப்பேன்.

பிராண்டன் விடவில்லை. ஆறு வாரமாக அவன் கிளாங் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு நாள் காலையில் எனக்கு ஒன்று தோன்றியது. சாட்சி ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஆவணத்தைப் பார்க்கச் சொல்வார்கள். நானும் ஆவணத்தைப் பார்க்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன்.

அந்த விபத்தின் போலீஸ் ரிப்போர்ட் என்னிடம்தான் இருந்தது. காப்புறுதிப் பணத்துக்காக வாங்கியது. வாங்கி, தேவைப்பட்ட இடத்தில் நகல் கொடுத்து, உறையோடு உள்ளே வைத்தவன்தான். வழக்கும் என் கண்ணில் படாமலே முடிந்தது. உங்கள் மேல் மோதிய லோரிக்காரர் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டதால் சாட்சி விசாரணை வரவில்லை, உன்னையும் யாரும் கூண்டில் ஏற்றவில்லை. ஆயிரம் பேருடைய ரிப்போர்ட்டைச் சத்தமாக வாசித்து மொழிபெயர்த்த நான், என் பிள்ளையுடையதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது பத்தியில் இருக்கிறது. தெலுக் பங்லிமா காராங் சந்திப்பு, மாலை ஆறேகால் மணி. மோட்டார் சைக்கிள் “டாரி அரா பந்திங் மெங்ஹாலா கெ கிளாங்”. எத்தனை தடவை இந்த மலாய் வாக்கியத்தை நீதிபதி முன்னால் தமிழாக்கியிருக்கிறேன்! பந்திங் திசையிலிருந்து கிளாங் நோக்கி.

கிளாங் நோக்கி, யுகா. நீங்கள் போய்க்கொண்டிருக்கவில்லை. திரும்பி வந்துகொண்டிருந்தீர்கள்.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். புஷ்பவல்லி என் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். “ஆஸ்பத்திரியிலேயே யுகாவோட அம்மா குமுதா எங்கிட்ட சொல்லிட்டாங்க. ரெண்டு தரம் உங்ககிட்ட சொல்ல வந்தேன். ரெண்டு தரமும் டிவி சத்தத்தக் கூட்டுனீங்க. அப்புறம் விட்டுட்டேன்” என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் பந்திங் போனோம். தனேஷ் போன பிறகு அந்தச் சாலையில் நான் கால் வைத்ததில்லை. யார் வீட்டு விசேஷம் என்றாலும் ஷா ஆலாம் பக்கமாகச் சுற்றித்தான் போவேன். அந்தச் சந்திப்பில் இப்போது விளக்குப் போட்டிருக்கிறார்கள். புஷ்பவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்து முதலில், “வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?” என்றுதான் கேட்டார்.

அன்று நடந்ததை அவர் சொன்னார். இரண்டு பேரும் மூன்று மணிக்கு வந்தீர்களாம். தனேஷ் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லையாம். சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாராம். “அப்புறம் கார் நிறுத்துற இடத்துல ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நின்னு பேசுனாங்கண்ணே. என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது. மழ விட்டதும் யுகா, அம்மா, இவன வீட்ல விட்டுட்டு வரேன்னு மட்டும் சொன்னான்.” இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நான் யாரையும் சொல்ல விடவில்லை. கேட்பதற்குச் சம்பளம் வாங்கிய மனிதன் ஒன்பது வருடமாக ஒரு பிள்ளையைக் கேட்கவில்லை.

இனி உனக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். தனேஷ் உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். அன்று மதியம், சுபாங் ஜெயா கல்லூரிச் சட்டப் படிப்பை நிறுத்தப்போவதாகவும், உன்னோடு சேர்ந்து பட்டறை வைக்கப்போவதாகவும் அவன் என்னிடம் சொன்னான். முப்பத்திரண்டு வருடம் வக்கீல்களுக்குப் பக்கத்தில் நின்றே காலம் கழித்தவன் நான். என் பிள்ளை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பான் என்று காத்திருந்தவன். நான் அவனிடம் சொன்னது, “போ. போனா இந்த வீட்டுக்குத் திரும்பி வராதே. செத்தாலும் வராதே.” கதையில் வரும் அப்பா கண் கலங்கி வழியனுப்புகிறார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது, உன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, நான் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை போன் வந்ததிலிருந்து எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் சொன்ன அந்தச் சொல்லைக் கொண்டுபோய்ப் போட ஒரு ஆள். கட்டுப் போட்ட கையோடு நீ வந்தாய். உன் தலையில் போட்டேன். அரிசியைத் தட்டிவிட்டது மட்டுமல்ல. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை ஊரை விட்டே துரத்திவிட்டேன். அதுவும் போதாது என்று, கதையில் கட்டிவைத்து ஊரே வாசிக்கத் தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டேன். நான் உண்டாக்கிய ஒரு காகிதப் பையன்தான் என்னைத் தடுத்தான். என்னைவிட அவனுக்கு உன்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முதல் கடிதத்தில் வருத்தம் தெரிவிக்க மாட்டேன் என்று எழுதினேன். இப்போது தெரிவிக்கிறேன். என்னை மன்னித்துவிடு, யுகா. உன்னால் முடியவில்லை என்றால் அதுவும் நியாயம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ உயிரோடு இருப்பதில் எனக்குச் சந்தோஷம். இதைச் சொல்ல முடியாத மனிதனாக இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

கதையில் பதினோராவது வாரத்தைப் பிராண்டன் இஷ்டப்படியே எழுதிவிட்டேன். இன்னும் அச்சுக்குப் போகாத, அப்பா பேசும் பகுதியையும் மாற்றி, நான் சொன்ன சொல்லையே போட்டிருக்கிறேன். ராதாகிருஷ்ணன் படித்துவிட்டு, இரண்டு வாரம் இடைவெளி விடுகிறேன் என்றார். உன் சம்மதம் இல்லாமல் அதை அச்சில் போட மாட்டோம். வேண்டாம் என்று ஒரு வரி எழுது, தொடரையே நிறுத்திவிடுகிறேன்.

பந்திங்கிலிருந்து திரும்பும் வழியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. பிராண்டன் ஓட்டுகிறான், வாசு பின்னால் இருக்கிறான், இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை. இட்டுக்கட்ட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் மெதுவாகத்தான் போவீர்கள், அதனால் அவன் பேசியது உனக்குக் கேட்டிருக்கும். என்ன சொன்னான்? என் மேல் கோபமாகத்தான் இருந்தான் என்றாலும் எழுது. நீ வற்புறுத்தித்தான் வந்தான் என்றாலும் எழுது. தன் அம்மாவைப் பார்க்கத்தான் வந்தான், அப்பாவைப் பற்றிப் பேசவே இல்லை என்றாலும் எழுது. ஒரு சொல்லையும் எனக்காகக் கூட்டாதே, குறைக்காதே. கதைக்காகக் கேட்கவில்லை.

உன் அம்மா கைப்பேசியில் உன் மகள் படத்தைக் காட்டினார். தாமரை என்று பெயர் வைத்திருக்கிறாயாமே. நான்கு வயது என்றார். புஷ்பவல்லி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். உன் மூக்குதான், பாவம். அவள் நன்றாக வளர வேண்டும், நீ அவளோடு நூறு வயது இருக்க வேண்டும். ஒரு நாள் அவளும் பெரியவளாகி, நீ சொல்வது பிடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உனக்குக் கோபம் வந்தால் கத்து, தப்பில்லை. கத்தி முடித்ததும் உட்கார்ந்திருக்காதே. செருப்பைக்கூடத் தேடாமல் பின்னாலேயே போ.

தனேஷின் அப்பா